இட்ஸ் எ சின்: பாக்கறதுக்கு முன்னாடியும் பாத்து அழுது முடிச்ச பிறகும் கேக்குற கேள்விகள்

நான் சொல்லி இந்த சீரியலைப் பாத்தவங்கள்ல பாதிப் பேர் ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் போட்டு என்னைத் திட்டியிருக்காங்க, மீதிப் பேர் மறுநாள் காலைல போன் பண்ணி கேள்வியா கேட்டுத் தள்ளினாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதால எல்லாத்தையும் இங்க சேத்து எழுதி வைக்கிறேன். முதல் அஞ்சு கேள்வி வரைக்கும் கதை பெருசா வெளிய வராது. அதுக்குக் கீழ யார் சாகறாங்கங்கறது வரைக்கும் எல்லாம் இருக்கு, பாக்காதவங்க அங்கயே நிறுத்திக்கோங்க.

இது என்ன சீரியல், ரெண்டு வரில சொல்லுங்க?

பிரிட்டன்ல சேனல் 4 டிவில 2021 ஜனவரில வந்த அஞ்சு எபிசோட் டிராமா. எழுதினது ரஸ்ஸல் டி டேவிஸ், டைரக்‌ஷன் பீட்டர் ஹோர். 1981-ல லண்டனுக்கு வந்து சேர்ற சில கே பசங்க (அதாவது ஆம்பளைங்களையே விரும்பற ஆம்பளைங்க), அவங்களோட ஒரு பொண்ணு, எல்லாரும் ஒரே ஃப்ளாட்ல வாடகைக்கு இருக்காங்க, அந்த ஃப்ளாட்டுக்கு பிங்க் பேலஸ்னு பேர் வச்சுக்கறாங்க, பார்ட்டி, ஆட்டம், காதல், வேலை தேடறதுன்னு போயிட்டிருக்கு. அதே வருஷம்தான் அமெரிக்காவுல இருந்து ஒரு புது வியாதி பத்தி, பின்னாடி எய்ட்ஸ்னு பேர் வச்சாங்களே அது பத்தி, செய்தி வர ஆரம்பிக்குது. 1991 வரைக்கும் பத்து வருஷக் கதை.

உண்மைக் கதையா?

பாதிக்கு மேல. கதைல வர்ற ஜில்லுங்கற பொண்ணு, டேவிஸோட நிஜ ஃப்ரெண்ட் ஜில் நால்டரை வச்சு எழுதினது. அவங்க நடிகை, லண்டன் நாடக மேடைல இருந்தவங்க, அவங்க ஃப்ளாட்டைத்தான் நிஜமாவே பிங்க் பேலஸ்னு கூப்பிட்டாங்க, வியாதி வந்த நண்பர்களை ஆஸ்பத்திரில போய்ப் பாத்துக்கிட்டாங்க. கதைல ஜில்லோட அம்மாவா வர்றதே அவங்கதான், அதாவது தனக்கே அம்மாவா நடிச்சிருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டு ரெண்டாவது தடவை பாத்தா அந்த சாதாரண வீட்டு சீன்லகூட தொண்டை அடைக்குது.

டேவிஸே அந்தத் தலைமுறைதான், 1963-ல பொறந்தவர். 1999-ல அவர் எழுதின குயர் ஆஸ் ஃபோக்ங்கற சீரியல்ல எய்ட்ஸ் பேச்சையே வேணும்னே எடுக்கல, கே மனுஷன்னாலே வியாதின்னு அதுவரைக்கும் எல்லாரும் காட்டிட்டாங்கன்னு ஒரு கோபம். இந்தக் கதைக்கு வர அவருக்கு இருபது வருஷம் ஆச்சு. வந்தப்பவும் பிபிசியும் ஐடிவியும் வேண்டாம்னுட்டாங்க, சேனல் 4 கூட அவர் கேட்ட எட்டு எபிசோட் தரல.

பேர் ஏன் பாவம்னு?

பெட் ஷாப் பாய்ஸ் குரூப்போட 1987 பாட்டுப் பேரு அது. முதல்ல பாய்ஸ்னுதான் வச்சிருந்தாங்களாம், அப்புறம் மாத்திட்டாங்க. நல்ல வேளை, பாய்ஸ்னு வச்சிருந்தா நம்ம ஆளுங்க சித்தார்த் படத்தைத்தான் தேடிப் போயிருப்பாங்க.

வீட்டுல அப்பா அம்மாவோட பாக்கலாமா?

முதல் எபிசோட்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிமோட்டைத் தேடுவீங்க. ஹெட்போன் போட்டு தனியா பாருங்க. ஆனா அம்மாக்களுக்குத்தான் இதைப் போட்டுக் காட்டணும்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு, ஏன்னு கீழ வர்றேன்.

ரொம்ப சோகமா இருக்குமா? என்னால தாங்க முடியுமா?

பயங்கர ஜாலியா இருக்கும், அதுதான் பிரச்சினை. அழுகைச் சீரியல்னா நாம முன்னாடியே மனசைக் கட்டிக்கிட்டு உக்காருவோம். இதுல ஒருத்தரை ஒருத்தர் பாத்தா "லா!"ன்னு கத்திக்கிறாங்க, அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, மூணாவது எபிசோட் வரும்போது நீங்களும் வீட்டுல லா சொல்லிட்டிருப்பீங்க, அந்த நேரம் பாத்துதான் அடிக்கிறான். அந்த ஒத்தை வார்த்தையை டிஷர்ட்ல அச்சடிச்சு வித்து, டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட்டுக்கு நிதி திரட்டினாங்க. டெரி ஹிக்கின்ஸ்ங்கறவர் பிரிட்டன்ல எய்ட்ஸால இறந்த முதல் ஆளுங்கள்ல ஒருத்தர், 1982 ஜூலைல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில. அவர் நண்பர்கள் ஆரம்பிச்ச அமைப்பு அது.

(இனிமே கதை வெளிய வரும். போறவங்க போயிருங்க.)

ஜில் அந்த மக்கை ஏன் உடைக்கிறா? அவ நல்லவதானே?

எனக்கு மொத்த சீரியல்லயும் பெரிய சீன் இதுதான், சாவு சீன் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். குளோரியான்னு இவங்க கிண்டலா கூப்பிடற கிரெகரிக்கு உடம்பு சரியில்லாம போயிடுது, யாருக்கும் சொல்லாதேன்னு ஜில்கிட்ட மட்டும் சொல்றான், இவதான் சாமான் வாங்கிக் குடுக்கறது, பாத்துக்கறது எல்லாம். அவன் வாய் வச்சுக் குடிச்ச மக்கைக் கழுவறா. மறுபடி கழுவறா. திருப்தி ஆகல. கடைசில அதை உடைச்சு குப்பைல போட்டுட்டு வர்றா.

வேற நாட்டுல எடுத்த சீன்னு எனக்கு ஒரு செகண்ட்கூட தோணல. டம்ளர் அரசியல் தெரியாத தமிழன் எவன் இருக்கான்? டீக்கடைல ரெண்டு வகை டம்ளர் வச்ச ஊர் நம்ம ஊர். அது ஜாதிக்கு. வியாதிக்கு வேற. எங்க தாத்தாவுக்கு டிபி வந்தப்ப அவருக்குன்னு ஒரு அலுமினியத் தட்டு, விளிம்பு நசுங்கின ஒரு டம்ளர், பின்கட்டுல ஒரு ஆணில மாட்டியிருக்கும், பாட்டி அவர் மேல உசிரா இருந்தவதான், ஆனா அந்த டம்ளர்ல தண்ணி ஊத்தறப்ப செம்பு டம்ளர்மேல படாம ஒரு சாண் ஒசரத்துல இருந்து ஊத்துவா. அவர் மருந்து முடிச்சு, சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லி, அதுக்கப்புறம் ஒம்போது வருஷம் இருந்தார். ஒம்போது வருஷமும் அதே டம்ளர்.

ஜில் செஞ்சதும் பாட்டி செஞ்சதும் ஒண்ணுதான். அன்பும் இருக்கு, கை தானா விலகிக்கவும் செய்யுது. அவ கெட்டவளா இருந்திருந்தா அந்த சீனுக்கு அர்த்தமே இல்ல. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரல, டாக்டர்கிட்ட போய் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குன்னு கேட்டாக்கூட உருப்படியா பதில் வரல, அதனால பயந்தா. அப்புறம் கிடைச்ச நோட்டீஸ் எல்லாம் உக்காந்து படிக்கிறா. படிச்ச பிறகு அவ மக் கழுவற மாதிரி ஒரு சீன்கூட வரல.

இன்னொண்ணு, இதோட ஷூட்டிங் 2020 ஜனவரியோட முடிஞ்சிருச்சு. டிவில வரும்போது உலகமே மாஸ்க் போட்டு பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவிட்டிருந்தது. எழுதினவருக்கே அது தெரியாது பாருங்க.

கே ஆளுங்களுக்கு மட்டும் ஏன் முதல்ல வந்தது?

முதல்ல வந்தது அவங்களுக்கு இல்ல. முதல்ல கவனிச்சது அவங்ககிட்ட. எய்ட்ஸை உண்டாக்கற ஹெச்ஐவி வைரஸ் சிம்பன்சில இருந்து மனுஷனுக்குத் தாவினது கேமரூன் தென்கிழக்குல, இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல, அங்கிருந்து இப்ப கின்ஷாசான்னு சொல்ற ஊருக்கு வந்து பல வருஷமா சத்தமில்லாம பரவிட்டிருந்தது. ஆப்பிரிக்காவுல ஆண் பெண் உறவு மூலமாத்தான் பெரும்பாலும் பரவிச்சு. அதை எண்ணி எழுத அப்ப ஆள் இல்ல.

1981 ஜூன் 5-ம் தேதி அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்ட வாராந்தர அறிக்கைல, லாஸ் ஏஞ்சலஸ்ல அஞ்சு வாலிபப் பசங்களுக்கு ஒரு அபூர்வ நிமோனியான்னு வந்தது. அஞ்சு பேரும் கே. அதனால டாக்டருங்களே அதுக்கு கே சம்பந்தமா ஒரு பேர் வச்சுக்கிட்டாங்க, 1982 செப்டம்பர்லதான் எய்ட்ஸ்ங்கற பேர் வந்தது. ஆனா ஒட்டின முத்திரை ஒட்டினதுதான். ஆசனவாய் வழி உறவுல தொத்தற வாய்ப்பு மத்ததைவிட அதிகம், ஊருக்குள்ள சின்ன வட்டம், அந்த வட்டத்துக்குள்ளயே உறவுகள், அதனால வேகமா பரவிச்சு. இதுல ஒழுக்கம் பத்தின பேச்சுக்கு இடமே இல்ல. பிரிட்டன்லயே ரத்தம் உறையாத வியாதி இருக்கறவங்களுக்குக் குடுத்த ஃபாக்டர் மருந்துல வைரஸ் இருந்து, சுமார் 1,250 பேருக்கு ஹெச்ஐவி வந்தது, அதுல சின்னப் பசங்களும் உண்டு. அவங்க என்ன பாவம் பண்ணினாங்களாம்?

முக்கியமான விஷயம் ஒண்ணு. வைரஸ் உள்ள போனதுல இருந்து எய்ட்ஸா வெளிய தெரிய சராசரியா பத்து வருஷம் ஆகலாம். அப்படின்னா பேப்பர்ல முதல் செய்தி வந்த அன்னிக்கே ஆயிரக்கணக்கான பேர் உடம்புல அது உக்காந்திருக்கு, ஜாக்கிரதையா இருந்திருக்கலாமேன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கணும்.

ஹீரோ ரிச்சி ஏன் இப்படி முட்டாள் மாதிரி பேசறான்?

ரெண்டாவது எபிசோட்ல கேமராவைப் பாத்து அவன் பேசற பேச்சைச் சொல்றீங்க. கே ஆளை மட்டும் தேடிப் பிடிக்கிற வியாதியா, எவன் கட்டின கதை, நம்மள பயமுறுத்தி வீட்டுல உக்கார வைக்கப் பாக்கறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே அடுக்குவான். கேக்க முட்டாள்தனமா இருக்கு, ஆனா அவன் இடத்துல இருந்து பாருங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல ரெண்டு ஆம்பளைங்க உறவு வச்சுக்கறது குற்றம் இல்லன்னு ஆனதே 1967-லதான், அதுவும் 21 வயசு ஆகியிருந்தா, நாலு சுவத்துக்குள்ள. போலீஸும் பேப்பரும் சர்ச்சும் காலங்காலமா இவங்களைப் பத்திப் பொய்தான் சொல்லியிருக்கு. அதே வாய் ஒரு நாள் உண்மையைச் சொன்னா எப்படி நம்புவான்?

அந்த ஃபெரி சீன் ஞாபகம் இருக்கா? ஐல் ஆஃப் வைட் தீவுல இருந்து படிக்கக் கிளம்பறப்ப அப்பா ஒரு காண்டம் பாக்கெட்டை கைல திணிக்கிறார், எந்தப் பொண்ணையும் கர்ப்பமாக்கிட்டு வந்துடாதேன்னு. பையன் சிரிச்சுக்கிட்டே அதைக் கடல்ல தூக்கிப் போட்டுடறான், அவனுக்குத்தான் அது தேவையே இல்லையே. முதல் தடவை பாக்கறப்ப காமெடி. அப்பாவுக்கு மட்டும் பையன் யாருன்னு தெரிஞ்சிருந்தா அதே பாக்கெட்டை வேற காரணம் சொல்லிக் குடுத்திருப்பார். டயலாக்கே இல்லாம அவ்வளவும் அந்த சீன்ல இருக்கு.

அவனை முழுசா மன்னிக்கவும் முடியல. தனக்கு இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் மத்தவங்களோட படுத்தான், அதைக் கடைசில அவனே சொல்றான். ஹீரோ வாயாலேயே அதைச் சொல்ல வச்சதுக்கு டேவிஸுக்கு ஒரு சலாம்.

பிங்க் பேலஸ் பையன் காலினை ஆஸ்பத்திரில பூட்டி வச்சது நிஜமா நடந்ததா, இல்ல டிவிக்காகவா?

நிஜமா நடந்தது. 1984 பொது சுகாதாரச் சட்டத்தை வச்சு, அடுத்த வருஷம் எய்ட்ஸ் நோயாளியை ஆஸ்பத்திரில கட்டாயமா பிடிச்சு வைக்கலாம்னு விதி கொண்டு வந்தாங்க. 1985 செப்டம்பர்ல மான்செஸ்டர்ல ஒருத்தரை அப்படிப் பிடிச்சும் வச்சாங்க. அப்பீல் போய் கொஞ்ச நாள்ல அந்த உத்தரவு போச்சு. கதைல நண்பர்கள் வக்கீல் பிடிச்சு வெளிய கொண்டு வர்றது அந்த சம்பவத்தை நினைச்சு எழுதினதுதான்னு பாத்தாலே தெரியும்.

சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளிய தரைல வச்சுட்டுப் போறது, துப்புரவு ஆளுங்க ரூமுக்குள்ளயே வர மாட்டேங்கறது, இதெல்லாம் அந்த வருஷங்கள்ல லண்டன் நியூயார்க் ரெண்டு ஊர்லயும் நர்ஸுங்களும் நோயாளிங்களும் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். முதல் எபிசோட்ல, காலின் வேலை பாக்கற தையல் கடை சீனியர் ஹென்றி ஒரு ரூம்ல தனியா கிடக்கறப்ப காலின் மட்டும் உள்ள போறான் பாருங்க. முப்பது வருஷம் கூட வாழ்ந்த துணை அங்க போர்ச்சுகல்ல, இவர் இங்க. ரெண்டு பேரும் தனித்தனியா சாகறாங்க.

காலின் ரொம்ப அப்பாவியாச்சே, அவனுக்கு எப்படி வந்தது?

எல்லாரும் கேக்கறது இதைத்தான், கேக்க வைக்கணும்னுதான் அப்படி எழுதியிருக்கு. வேல்ஸ்ல இருந்து வந்த பையன், சாவில் ரோ தையல் கடைல அப்ரெண்டிஸ், பார்ட்டிலகூட ஓரமா நிப்பான், காலேல வேலைக்குப் போகணும்பான். வீட்டுக்காரம்மா பையன் ஒருத்தனோட இருந்ததுதான் எல்லாம். அவ்வளவு போதும். நிறைய பேரோட சுத்தினா வரும், ஒழுங்கா இருந்தா வராதுன்னு மனசுக்குள்ள ஒரு தராசு வச்சுக்கிட்டுத்தானே நாம சீரியல் பாக்கறோம், அதை மூணாவது எபிசோட்ல தூக்கி உடைச்சிடறாங்க.

வைரஸ் எதிர்ப்பு சக்தியை அழிச்சதால மூளைல வேற ஒரு கிருமி ஏறி அவன் புத்தி தடுமாறுது, அம்மா முன்னாடியே மான மரியாதை தெரியாம நடந்துக்கறான். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கல. வேல்ஸ்ல இருந்து வந்து பசங்களோடயே இருந்து புள்ளையைப் பாத்துக்கறாங்க. காலின் செத்ததைவிட அந்த அம்மா நடந்துக்கிட்ட விதம்தான் என்னை அழ வச்சது.

குளோரியா வீட்டுல சாமானையெல்லாம் எரிச்சாங்களே?

வீட்டு ஆளுங்க அவனை ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அங்கேயே செத்துப் போயிடறான், துணி போட்டோ எல்லாம் தோட்டத்துல போட்டுக் கொளுத்தறாங்க. கிருமிக்காக எரிச்சதுன்னு வச்சாலும், போட்டோல என்ன கிருமி? இப்படி ஒருத்தன் இருந்தான்ங்கறதே இல்லாம பண்றதுக்கு எரிச்சது அது. அந்தக் காலத்துல இரங்கல் விளம்பரத்துல நிமோனியா, கேன்சர்னு போட்டு முடிச்ச குடும்பங்கள் எத்தனையோ. கூட வாழ்ந்த துணையை சாவுக்கே விடாத குடும்பங்களும் உண்டு. சட்டப்படி அந்தத் துணை யாருமே இல்ல, வாடகை வீட்டுல இருந்துகூட வெளிய அனுப்பலாம்.

பிரதமர் தாட்சர் காபில, அதே ஃப்ளாட்ல இருக்கற ராஸ்கோ ஒண்ணுக்கு அடிக்கிறானே, அவ்வளவு கோபம் ஏன்? ஆஷ் லைப்ரரி பத்திப் பேசறது என்ன?

ரெண்டுக்கும் ஒரே பதில், செக்‌ஷன் 28. 1988-ல தாட்சர் அரசு கொண்டு வந்த உள்ளாட்சிச் சட்டத்துல ஒரு பிரிவு. உள்ளாட்சி அமைப்புங்க ஒருபால் உறவை ஊக்குவிக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துல அதை ஒரு குடும்ப உறவு மாதிரி சொல்லித் தரக் கூடாதுன்னு. பசங்க கொத்துக் கொத்தா சாகற வருஷம் அது, அப்ப போட்ட சட்டம் இது. ஸ்காட்லாந்துல 2000-லயும் இங்கிலாந்து, வேல்ஸ்ல 2003-லயும்தான் எடுத்தாங்க. அதுவரைக்கும் எத்தனை டீச்சர் வாயைத் திறக்க பயந்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

ஆஷ் முகர்ஜியும் அதே ஃப்ளாட் பையன்தான், ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கறான். லைப்ரரில அந்தச் சட்டத்துக்கு விரோதமான புக் எல்லாம் தேடி எடுன்னு சொல்றாங்க. அலமாரி அலமாரியாத் தேடறான். எடுக்கறதுக்கு ஒரு புக்கு கூட இல்ல. நம்மள மாதிரி ஒருத்தன் அத்தனை புஸ்தகத்துலயும் இல்லவே இல்ல. இதை அவன் பெருசா சத்தம் போடாம சொல்ற விதம் இருக்கே! நடிச்சது நதானியேல் கர்ட்டிஸ், இந்திய ரத்தமும் கலந்த பிரிட்டிஷ் நடிகர்.

காபி சமாச்சாரம் கற்பனைதான், டேவிஸ் தனக்குன்னு வச்சுக்கிட்ட சந்தோஷம்னு நினைக்கிறேன்.

கவர்மென்ட் ஒண்ணுமே பண்ணலயா?

பண்ணாங்க, லேட்டா பண்ணாங்க. 1986 கடைசி, 87 ஆரம்பத்துல பெரிய பிரச்சாரம், நாடு பூரா வீட்டு வீட்டுக்கு நோட்டீஸ். சுகாதார அமைச்சர் நார்மன் ஃபவுலர் முன்ன நின்னு செஞ்சார், தாட்சருக்கே அவ்வளவு வெளிப்படையா எழுதறது பிடிக்கலங்கறது பின்னாடி வெளிய வந்த கதை. டிவி விளம்பரத்துல மலை வெடிக்குது, பாறை உடையுது, கல்லறைக் கல்லுல எய்ட்ஸ்னு செதுக்கறாங்க, நடிகர் ஜான் ஹர்ட்டோட நடுங்க வைக்கிற குரல். சீரியல்லயும் ரிச்சிக்கு அந்த விளம்பரத்துல நடிக்க வாய்ப்பு வர்ற மாதிரி ஒரு பேச்சு வரும்னு ஒருத்தர் என்கிட்ட சாதிச்சார், நான் திரும்பப் பாத்தேன், அப்படி எதுவும் என் கண்ணுல படல.

நம்ம ஊர்ல 2000-கள் ஆரம்பத்துல சுவர் சுவரா, பஸ் பஸ்ஸா "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் ஓடிச்சே, அதை வளந்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. அங்க கல்லறையைக் காட்டி பயமுறுத்தினாங்க, இங்க ஒருத்தனை வச்சு ஊரையே கேள்வி கேக்க வச்சாங்க. எங்க க்ளாஸ்ல ராஜான்னு பேர் வச்சவன் பாடு திண்டாட்டம்.

மருந்தைவிட பெரிய வேலை செஞ்சது ஒரு போட்டோன்னு சொல்லுவாங்க. 1987 ஏப்ரல் 9, லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரில எய்ட்ஸ் வார்டைத் திறந்து வைக்க வந்த டயானா, கையுறை போடாம ஒரு நோயாளிக்குக் கை குடுத்தாங்க. உலகம் பூரா அந்தப் படம் போச்சு. அதுல நோயாளி முகம் தெரியாது, முதுகுதான். முகம் காட்ட பயம். இளவரசியே தொட்டாச்சு, ஆனா அவர் வீதிக்கு வந்தா யார் தொடுவா?

ரிச்சியோட அம்மா ஏன் அப்படிப் பண்ணாங்க?

கடைசி எபிசோட், 1991. வார்டுக்கு வந்துதான் பையன் கே, பையனுக்கு எய்ட்ஸ், பையன் சாகப் போறான், மூணும் ஒரே நேரத்துல தெரியுது வேலரிக்கு. கீலி ஹாஸ் நடிப்பு பிரமாதம். அந்த வார்டுலயே இன்னொரு அம்மா சண்டைக்கு வர்றாங்க, உனக்குத் தெரியாமலா இருந்தது, எத்தனை வருஷம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்னு. அப்புறம் பையனை தீவுக்குத் தூக்கிட்டுப் போய் ரூம்ல வச்சுக்கிட்டு நண்பர்கள் யாரையும் உள்ள விடல. ஜில்லும் ராஸ்கோவும் கடற்கரைல ரூம் எடுத்துக் காத்துக்கிட்டே இருக்காங்க. ஒரு நாள் வேலரி வந்து, நேத்தே போயிட்டான்னு சொல்றாங்க. நேத்தே.

என் புள்ள, என் வீடு, நான் பாத்துக்கறேன், நீங்கெல்லாம் யாரு? இந்தக் குரல் எந்த மொழில வந்தாலும் நமக்குப் புரியும். நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பயந்து புள்ளையோட கடைசி ஆசையை மறுத்த அம்மாக்கள் நம்ம தெருவுலயே இருக்காங்க. வேலரியை வில்லின்னு முடிச்சிட என்னால முடியல, ஆனா ஜில் அந்த இடத்துல அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது அத்தனையும் சரி. வெக்கப்பட வச்சு வளத்த வீட்டுக்கும் இந்தச் சாவுல பங்கு இருக்குங்கறா. வீட்டு அம்மாக்களுக்குப் போட்டுக் காட்டணும்னு மேல சொன்னேனே, அது இதுக்காகத்தான்.

குறையே இல்லையா?

இருக்கு. ஜில்லுக்கு சொந்தமா ஒரு வாழ்க்கையே எழுதல, பத்து வருஷமும் அடுத்தவனுக்கு சூப் வைக்கிற வேலைதான், ஒரு காதல், ஒரு சின்னத்தனம் எதுவும் கிடையாது. ஆஷ்க்கும் அந்த லைப்ரரி பேச்சை விட்டா பெருசா ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல ரத்தம் குடுத்து, வார்டுல உக்காந்து பாத்துக்கிட்ட லெஸ்பியன் பெண்கள் நிறைய பேர், அவங்களைக் காணோம். ஹெச்ஐவி வந்த பெண்களையும் காணோம். அஞ்சு எபிசோட்ல என்னதான் பண்றதுன்னு கேக்கலாம், கேட்டது எட்டு, குடுத்தது அஞ்சு. அந்த மூணு எபிசோட் எங்க போச்சோன்னு எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

அப்ப மருந்தே இல்லையா? இப்ப எப்படி?

வைரஸை 1983-ல பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல கண்டுபிடிச்சாங்க, 1985-ல ரத்த டெஸ்ட் வந்தது. டெஸ்ட் வந்தும் என்ன, பாசிடிவ்னு சொல்லிட்டு டாக்டர் கையை விரிச்சிடுவார். 1987-ல ஏஇசட்டின்னு முதல் மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி அலாரம் வச்சு எழுந்து முழுங்கணும், ரத்தசோகை வரும், கொஞ்ச நாள்ல வைரஸ் அதுக்குப் பழகிடும். மூணு மருந்தைச் சேத்துக் குடுக்கற சிகிச்சை 1996-ல வந்த பிறகுதான் சாவு சரிஞ்சது. ரிச்சி செத்தது 1991. அஞ்சு வருஷம்.

இப்ப பெரும்பாலானவங்களுக்கு தினம் ஒரு மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டு வைரஸ் அளவு டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சு நின்னுட்டா உடலுறவு மூலமா மத்தவங்களுக்குப் பரவாது, இது நிரூபிச்ச விஷயம். வராம தடுக்க முன்கூட்டியே சாப்பிடற மாத்திரையும் இருக்கு. நம்ம நாட்டுல 2004-ல இருந்து கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரில இலவசம், தாம்பரம் சானடோரியம் ஆரம்பத்துலயே தொடங்கின இடங்கள்ல ஒண்ணு. டெஸ்ட்டுக்கு அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், அங்க போனா இலவசம், ரகசியமா வச்சுக்குவாங்க. சந்தேகம்னா 1097-க்கு போன் பண்ணிக் கேக்கலாம். இந்த சீரியல் வந்த நேரம் பிரிட்டன்ல டெஸ்ட் கிட் கேட்டவங்க எண்ணிக்கை எகிறிச்சாம், டிவி நாடகம் ஒண்ணு அப்படிப் பண்ணிச்சுன்னா சும்மாவா.

அதே வருஷங்கள்ல மெட்ராஸ்ல என்ன நடந்தது?

சீரியல்ல இது வராது, ஆனா எல்லாரும் கேக்கறாங்க. இந்தியாவுல முதல்ல ஹெச்ஐவியைக் கண்டுபிடிச்சதே மெட்ராஸ்லதான், 1986-ல. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பேராசிரியர் சுனிதி சாலமன், அவங்க மாணவி நிர்மலா. இந்தியாவுல எல்லாம் வராது, நம்ம கலாச்சாரம் அப்படின்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த நேரம். நிர்மலா பாலியல் தொழில்ல இருந்த பெண்களைத் தேடிப் போய் ரத்த மாதிரி எடுத்தாங்க, வைக்க இடம் இல்லாம வீட்டு ஃபிரிட்ஜ்லயே வச்சாங்க, அப்புறம் ராத்திரி ரயில்ல காட்பாடிக்குக் கொண்டு போய் வேலூர் சிஎம்சில டெஸ்ட் பண்ணாங்க. சில மாதிரிங்க நிறம் மாறிச்சு. அவ்வளவுதான், நம்ம கலாச்சாரக் கதை முடிஞ்சது.

லண்டன்ல ஒருத்தி மக்கை உடைச்ச அதே காலகட்டத்துல இங்க ஒருத்தி அந்த ரத்தத்தை வீட்டு ஃபிரிட்ஜ்ல, பாலும் தயிரும் வைக்கிற இடத்துல வச்சிருந்தாங்கன்னு நினைச்சா எனக்கு என்னவோ பண்ணும்.

கடைசில ஜில் போய் உக்கார்றாளே, அந்தப் பேஷன்ட் யாரு? எந்த எபிசோட்ல வந்தான்?

எந்த எபிசோட்லயும் வரல. நிறைய பேர் ரீவைண்ட் பண்ணித் தேடியிருக்கீங்க, நானும்தான். அவனைப் பாக்க யாரும் வரல, அதனால இவ போய் பக்கத்துல சேரைப் போட்டு உக்கார்றா.